மூன்றில் ஒரு பங்கு சூடு

அந்தத் தெருவில் அவருக்கு ‘ஒரே பேச்சு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, தெரு வைத்தது. யாராவது விலை கேட்டால் மேசையை ஒரு தட்டுத் தட்டி, “ஒரே பேச்சு” என்று ஒரு விலை சொல்வார். கேட்டவர் முகம் சுளித்தால் இன்னொரு ஒரே பேச்சு வரும். படியிறங்கப் போனால், அவர் செருப்பு மாட்டுவதற்குள் மூன்றாவது ஒரே பேச்சு வாசலுக்கு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

விற்பது மின்சாமான்கள்: கெட்டில், அறை ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, பல்பு. கீழே கடை, மேலே வீடு. குளிர்காலம் வந்துவிட்டால் கடையில் எந்நேரமும் ஏதாவது ஒன்று சூடாகிக்கொண்டே இருக்கும். ஓட்டிக் காட்டாமல் சரக்கு விற்பதை அவர் பாவமாக நினைத்தார். கெட்டிலின் ஸ்விட்சைப் போட்டதும் தலைக்கு மேலே எரியும் பல்புகள் சற்று மங்கும். அதையும் அவர் சும்மா விடவில்லை. “பாத்தீங்களா? போட்டதும் லைட்டே பயந்து அடங்குது. அவ்வளவு பவர்!” என்பார். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்துகொண்டே பையைத் திறப்பார்கள்.

அந்த வாய்தான் போன வாரம் அவரை மாட்டிவிட்டது.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் வார்டனம்மா, அறைக்கு ஒரு கெட்டில் வேண்டும் என்று வந்தார். எத்தனை அறை என்று கேட்டதும் இவருக்கு உள்ளங்கை அரித்தது. ஆனால் அந்தம்மாள் பேசிக்கொண்டே தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தார். எதிரே இருப்பதும் மின்சாமான் கடைதான். அதன் முதலாளி எப்போதும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு ‘பல்லு’ என்று பெயர். கிராக்கியின் கண் தெருவைத் தாண்டுவதைவிடக் கொடுமையான காட்சி ஒரு வியாபாரிக்கு வேறெதுவும் இல்லை.

“அங்க பாக்காதீங்க மேடம்,” என்று இவர் குரலை உயர்த்தினார். “மத்த கெட்டிலெல்லாம் கரண்டை முழுங்கிட்டுப் பாதியைத்தான் தண்ணிக்குக் குடுக்கும். நம்ம கெட்டில் பத்துப் பங்கு வாங்கினா ஒம்பது பங்கைத் தண்ணிக்குள்ள இறக்கும். பத்துல ஒண்ணுக்கு மேல வீணானா, இந்தக் கடைப் பேர்ப் பலகையை என் கையாலயே கழட்டிடறேன். ஒரே பேச்சு!”

பத்தில் ஒரு பங்கு என்கிற கணக்கு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்றால், வாயிலிருந்துதான். ஆனால் அதைப் பாதித் தெரு கேட்டது. பல்லும் கேட்டார், வழக்கத்தைவிட இரண்டு பல் கூடுதலாகத் தெரிந்தது.

வார்டனம்மா சிரிக்கவில்லை. “நான் முன்னே ஆய்வுக்கூடத்துல வேலை பாத்தவ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெர்மாமீட்டரோட வர்றேன். நானே அளந்து பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, எதற்கும் ஒரு தடவை நாமே அளந்துவிடுவோம் என்று மாப்பிள்ளையைக் கீழே கூப்பிட்டார். மகள் கைக்குழந்தையோடு வந்து மேலே தங்கியிருந்தாள். அவளைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவர். இலவசமாகக் கிடைத்த பௌதிகம் என்று மாமனார் உள்ளூர மகிழ்ந்தார்.

மாப்பிள்ளை அளந்தார். கூட்டினார், கழித்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“முப்பத்தி மூணு, மாமா.”

“என்ன முப்பத்தி மூணு?”

“நூத்துக்கு முப்பத்தி மூணு வீணாகுது. மூணுல ஒரு பங்கு.”

ஒரே பேச்சு நாற்காலியிலிருந்து எழுந்தார். அன்று அவர் மறுபடி உட்காரவே இல்லை.

“மாப்ள, நமக்குள்ள எதுக்கு இவ்வளவு கறார்? சரியா ஒரு கணக்குச் சொல்லுங்க.”

“இதான் மாமா சரியான கணக்கு. ஒன்றரை லிட்டர் தண்ணி. இருபது டிகிரியில இருந்து தொண்ணூறு வரைக்கும் சூடு பண்ணியிருக்கோம். அதுக்குத் தேவையான சூடு நானூத்து நாப்பது கிலோஜூல். கெட்டில் ரெண்டாயிரம் வாட். அஞ்சரை நிமிஷம் ஓடியிருக்கு. அப்படின்னா அது வாங்கினது அறுநூத்து அறுபது. மிச்சம் இருநூத்து இருபது எங்க போச்சு?”

“நான் எடுக்கல,” என்றார் மாமனார், பழக்கதோஷத்தில். பிறகு சுதாரித்துக்கொண்டு, “சரி, நீங்க முப்பத்தி மூணுங்கறீங்க. நான் பத்துன்னு சொல்லிட்டேன். பொதுவா ஒரு பதினஞ்சுல முடிச்சுக்கலாமா?” என்றார்.

“இது விலை இல்ல மாமா. சூடு.”

“எல்லாம் ஒண்ணுதான். ஒருத்தன்கிட்ட இருந்து இன்னொருத்தனுக்குப் போகுது, நடுவுல கொஞ்சம் கையில ஒட்டுது. பதினெட்டு. அதுக்கு மேல என்னால முடியாது.”

மூலையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியை நிறுத்தினாள். “பொண்ணு குடுத்த இடத்துல பேரம் பேசறாரு பாரு. அவர் என்ன கையிலயா வெச்சிருக்காரு, குறைச்சுத் தர?”

அதற்குப் பிறகு கடையில் நடந்ததைப் பார்த்தவர்கள் கெட்டிலுக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்திருப்பார்கள். சூடு எப்படியெல்லாம் வெளியே போகும் என்று மாமனார் கேட்க, மூடி வழியாக ஆவியாகப் போகும், பக்கவாட்டில் காற்றோடு போகும், அடியில் மேசைக்குப் போகும், கெட்டிலின் உடம்பே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்று மாப்பிள்ளை சொல்ல, ஒவ்வொரு வழியாக அடைக்கும் வேலை தொடங்கியது. மூடியின் மேல் ஒரு கனமான இஸ்திரிப் பெட்டி ஏறியது. அடியில் அட்டை. சுற்றிலும் மனைவியின் கம்பளிச் சால்வை. அவள் தடுப்பதற்குள் கெட்டில் அதைப் போர்த்திக்கொண்டு, பனியில் நடக்கக் கிளம்பிய சம்பந்தியம்மாள் மாதிரி மேசைமேல் உட்கார்ந்திருந்தது. வாசல் கதவையும் ஜன்னலையும் சாத்தியாயிற்று. மாமனார் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டார்.

மாப்பிள்ளை மறுபடி கணக்குப் போட்டார். “முப்பத்தொண்ணு.”

“இவ்வளவு போர்த்தியும் ரெண்டுதானா குறைஞ்சுது?”

“அதான் எனக்கும் புரியல. மூணுல ஒரு பங்கு வெளிய போகணும்னா, கெட்டில் மேல கையே வைக்க முடியாது. இது வெதுவெதுன்னுதான் இருக்கு.”

மாமனார் கெட்டிலைச் சுற்றி நடந்தார். கடையைச் சுற்றி நடந்தார். வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்தார். எதிரே பல்லு நின்றுகொண்டிருந்தார்.

“என்னண்ணே, பலகையைக் கழட்ட ஏணி வேணுமா? என்கிட்ட இருக்கு,” என்று பல்லு இங்கே கேட்கும்படி விசாரித்தார்.

“உன் கடைக்கு ஏணி வெச்சாலும் கிராக்கி ஏறாதுடா,” என்று இவர் திருப்பிக் கொடுத்தார். ஆனால் குரலில் சத்து இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தார். வார்டனம்மா வர இன்னும் நேரம் இருந்தது. அதுதான் அவருக்குப் பெரிய தொல்லை. கெட்டது நடக்கப் போகிறதென்றால் உடனே நடந்து தொலைக்க வேண்டும். காக்க வைத்துக் கழுத்தறுப்பது அவருக்கு ஆகாது. அந்தப் பலகையை அவர் எழுதி வாங்கி மாட்டிய நாளில் தெருவுக்கே இனிப்புக் கொடுத்திருந்தார். எத்தனையோ பொய்ச் சத்தியம் செய்தவர்தான்; ஆனால் பலகைமேல் அதுவரை சத்தியம் செய்ததில்லை. தன் பேச்சை யாரும் நம்புவதில்லை என்பது அவருக்குத் தெரியும். பலகையை நம்பித்தான் படியேறினார்கள் என்பதும் தெரியும்.

“இன்னொரு தடவை போடுங்க மாப்ள. இந்தத் தடவை நான் ஸ்விட்சைப் போடறேன். உங்க கை ராசி சரியில்ல.”

ஸ்விட்சைப் போட்டார். பல்புகள் மங்கின.

“அந்தச் சனியனை அணைங்க,” என்றாள் மனைவி. “ஊசிக் காது தெரியல.”

வாய் பழகிப் போனது அல்லவா, தானாகவே திறந்துகொண்டது. “பாத்தியா, போட்டதும் லைட்டே பயந்து...”

பாதியில் நின்றுவிட்டார். வாய் மட்டும் மூடவில்லை. அண்ணாந்து பல்பையே பார்த்தார். இத்தனை வருஷமாகக் கிராக்கிகளைப் பார்க்கச் சொன்னாரே ஒழிய, அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

“மாப்ள,” என்றார் மெதுவாக. “அந்த ரெண்டாயிரம் வாட் எங்க இருந்து எடுத்தீங்க?”

“கெட்டில் அடியில ஒட்டியிருக்கு மாமா.”

“ஒட்டியிருக்கா!” அவர் கெட்டிலையே தூக்கிவிடுவார் போலிருந்தது. “மூட்டையில எழுதியிருக்கற எடையை நம்பி எவனாவது சரக்கு இறக்குவானா? வாசல்ல தராசு வெச்சு நிறுத்துல்ல வாங்கணும்! தண்ணிக்குள்ள போனதை இத்தனை கவனமா அளந்தீங்களே, கெட்டில் வாங்கினதை அளந்தீங்களா?”

மாப்பிள்ளையின் காதிலிருந்து பென்சில் விழுந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கெட்டில் எப்போதும் ஒட்டியிருக்கும் வாட்டைத்தான் வாங்கும்; அங்கே வயர் என்று ஒன்று கிடையாது. சரக்கைச் சோதித்துப் பார்க்க மாமனார் வைத்திருந்த வோல்ட் மீட்டரை எடுத்து ப்ளக்கில் வைத்தார். கெட்டில் அணைந்திருக்கும்போது முள் இருநூற்று முப்பதில் நின்றது. ஸ்விட்சைப் போட்டதும் இருநூறுக்குச் சரிந்தது, கால் இடறிக் குழியில் விழுந்த மாதிரி.

“ஐயோ மாமா, நீங்க சொன்னதுதான் சரி. வோல்ட்டு இவ்வளவு இறங்கினா கெட்டில் ரெண்டாயிரம் இழுக்காது. ஆயிரத்து ஐநூறு வந்தாலே பெரிசு. கெட்டில் மேல தப்பே இல்ல. வந்ததுல பெரும்பகுதியைத் தண்ணிக்குத்தான் குடுத்திருக்கு.”

மாமனார் கையைத் தட்டினார். கெட்டிலைப் போர்வையோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார். “நம்ம பிள்ளை நல்ல பிள்ளைடி! வழியிலதான் யாரோ மூட்டையில ஓட்டை போட்டிருக்கான்!” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவருக்கே அடுத்த கேள்வி வந்துவிட்டது. வழியில் சிந்திய சரக்கு எங்கேயாவது கிடக்க வேண்டுமே.

“குறைஞ்சது எல்லாம் எங்க போச்சு மாப்ள?”

“ஒரு பங்கு வரவே இல்ல. இன்னொரு பங்கு வர்ற வழியில, வயர்லயே சூடாகித் தங்கிடுது.”

“வயர்லன்னா?”

“சுவருக்குள்ள.”

வெளிக் கம்பத்திலிருந்து வரும் வயர் மாடியின் முன்மூலையில் நுழைந்து, சுவருக்குள்ளேயே இறங்கி, கடைப் பலகைக்குப் பின்னால் வந்து கடைக்குள் திரும்புகிறது. அது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த வேலையின்போது கூடவே நின்றவர் அவர். வயர்மேன் தடித்த வயர் கேட்டான். இவர் மெல்லிசு போதும் என்றார். அவன் தலையைச் சொறிந்தான். இவர் படியிறங்கப் போகிறவர்போல நடித்தார். கடைசியில் அவன் இறங்கிவந்த விலையை இவர் இன்றுவரை விருந்துகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமனார் போய் அந்தச் சுவரில் கையை வைத்தார். அங்கே ஓர் ஆணி. அதில் மேசை துடைக்கும் துணி தொங்கியது.

“இதை ஏன் இங்க மாட்டியிருக்க?”

“அங்கதான் சீக்கிரம் காயுது,” என்றாள் மனைவி. “குளிர்காலத்துல எனக்கு அந்த ஆணி ஒண்ணுதான் உருப்படியா வேலை செய்யுது. என்ன, ஏன் அப்படி முழிக்கறீங்க?”

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கையை மேலே மேலே நகர்த்தினார். எட்டும் வரை, உயரப் போகப் போக இன்னும் சூடு. அதற்கு மேல் கூரை. கூரைக்கு மேல் மாடி. மாடியில் முன்மூலை.

மாடிப்படியை அவர் அப்படி ஏறியதை யாரும் பார்த்ததில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினார். முட்டிவலி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அன்றோடு பொய்யாகிப் போனது. மகள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டில் எங்க?”

“கத்தாதீங்கப்பா, இப்பதான் தூங்கினான். அதோ இருக்கு பாருங்க. அந்த மூலைதான் நல்லா கதகதப்பா இருக்கு. ஹீட்டர்கூட வேண்டியதில்ல.”

முன்மூலையில், உள்பக்கம் மரப்பலகை அடித்த சுவரை ஒட்டி, தொட்டில் நின்றது. உள்ளே பேரன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு, பேரத்தில் தோற்றவன்போலத் தூங்கினான். அவர் அந்த மரப்பலகையில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மூக்கை அருகே கொண்டுபோனார். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் வருமே, அந்த வாசனை.

தொட்டிலை அவரே இழுத்தார். சக்கரம் ஒன்று மடங்கிக்கொண்டது. அப்படியே தரையில் தேய்த்துக்கொண்டே அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனார். குழந்தை எழுந்து வீரிட்டது. மகள், “உங்களுக்கு என்ன ஆச்சுப்பா?” என்று எழுந்தாள். அவர் மாடியிலிருந்த மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளினார். வீடும் கடையும் ஒன்றாக இருண்டன. மாலை வெளிச்சம் ஜன்னலில் மட்டும் மிச்சமிருந்தது. கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது: “பொத்தான் இன்னும் தைச்சு முடியல!”

அவர் கீழே இறங்கிவந்த நேரத்தில்தான் வார்டனம்மா கடைப் படியேறினார். தோளில் பை, கையில் தெர்மாமீட்டர்.

“என்ன, இருட்டா இருக்கு? கடை மூடிட்டீங்களா?”

வியாபாரிகளுக்கு இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே சில பதில்கள் உண்டு. தெருவில் கரண்ட் இல்லை, நாளைக்கு வாருங்கள். இல்லையென்றால், அளப்பதற்கு என்ன இருக்கிறது, என் வார்த்தை போதாதா. அவர் நாக்கின் நுனிக்கு இரண்டுமே வந்தன. ஆனால் எதிர்க்கடையில் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. முதல் பதில் செத்தது. மேலே பேரன் இன்னும் அழுதுகொண்டிருந்தான், இரண்டாவதும் செத்தது.

“என் கடை வயர் சரியில்ல மேடம். சுவர் சுடுது. அதனால அணைச்சுட்டேன். அளக்கறதை எதிர்க்கடையில வெச்சு அளந்துக்கலாம், வாங்க.”

தெருவைக் கடக்க நாலு எட்டுத்தான். சால்வையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கெட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் அந்த நாலு எட்டையும் எடுத்துவைத்தபோது, இருபுறமும் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் வோல்ட் மீட்டரோடு மாப்பிள்ளை.

“ஒரு ப்ளக் பாயிண்ட் வேணும்,” என்றார் பல்லிடம்.

பல்லு சிரிப்பை முழுசாக விரித்தார். “தாராளமா. ஆனா தெருவுக்கே கேக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லணும். என் கடை வயரிங் ஓட்டை, எதிர்க்கடைதான் நல்ல கடை. அவ்வளவுதான்.”

“வயரிங் நல்லாருக்குன்னு சொல்றேன். கடை நல்ல கடைன்னு சொல்ல மாட்டேன்.”

“கடையும் சேத்துத்தான்.”

“வயரிங், ப்ளக், ஸ்விட்ச். மூணும் நல்லாருக்கு. அதோட நிறுத்திக்க.”

“முதலாளியும் நல்லவர்னு சேத்துக்கங்க.”

“பொய் சொன்னா கெட்டில் கொதிக்காதுடா.”

“ரெண்டு பேரும் முடிச்சீங்களா?” என்றார் வார்டனம்மா.

ஒரே பேச்சு தெருவைப் பார்த்துத் திரும்பினார். “இந்தக் கடையோட வயரிங் நல்லாருக்கு! என் கடையோடது நல்லால்ல!” என்று கத்தினார். பாதிதான் வெளியே வந்தது. அந்தப் பாதியே தெருக்கோடிவரை போயிற்று.

வார்டனம்மா தண்ணீரைத் தானே அளந்து ஊற்றினார். மூடியின் ஆவித் துளை வழியே தெர்மாமீட்டரை இறக்கினார். ஸ்விட்சைப் போட்டார்கள். பல்லு கடையின் பல்புகள் அசையவில்லை. மாப்பிள்ளையின் மீட்டரில் முள் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. ஆனால் இவரால்தான் நிற்க முடியவில்லை. மேசையிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து மேசைக்கும் போய்வந்தார். வாசலில் நின்றால் எதிரே இருட்டான தன் கடையும், அதற்கு மேலே பலகையும், பலகைக்கு மேலே ஜன்னலும் தெரிந்தன. ஜன்னலில் மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். கெட்டில் முனக ஆரம்பித்தது.

நாலு நிமிஷத்துக்குச் சற்று மேலே ஆனதும் தொண்ணூறு டிகிரி வந்தது. வார்டனம்மா கணக்குப் போட்டார். மாப்பிள்ளையும் தனியாகப் போட்டார். இருவரும் தாளை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

“பன்னெண்டு,” என்றார் வார்டனம்மா. “நூத்துக்குப் பன்னெண்டு வீணாகுது. நீங்க பத்துன்னு சொன்னீங்க.”

“மேடம், மேசை குளிர்ந்திருக்கு, ஆவியும் கொஞ்சம் போயிருக்கு, அளக்கறதுலயே ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன...” என்று மாப்பிள்ளை தொடங்கினார். மாமனாருக்காக அவர் பேரம் பேசியது அதுவே முதல் தடவை.

மாமனார் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். “பன்னெண்டுதான். பலகையைக் கழட்டிடறேன்.”

“பலகையைக் கழட்டினா எனக்கு என்ன வந்தது?” என்றார் வார்டனம்மா. “பன்னெண்டு நல்ல கணக்குதான். நான் அதைவிட மோசமா எதிர்பார்த்தேன். எனக்கு வேற ஒண்ணு தெரியணும்.” அவர் தெருவைத் தாண்டி அந்த இருட்டுக் கடையைப் பார்த்தார். “எங்க விடுதி பழைய கட்டடம். ரூமுக்கு ஒண்ணுன்னு இத்தனையும் காலையில ஒரே நேரத்துல போடுவாங்க. எங்க சுவர் சுடுமா?”

இதுதான் அந்த வாரம் முழுக்க அவர் காத்திருந்த கிராக்கி. ஒன்றும் ஆகாது மேடம், நான் இருக்கேன் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை; காசு கொடுக்காமல் வந்துவிடும். பல்லுகூட, சொல்லித் தொலையுமய்யா என்கிற மாதிரி இவர் முகத்தையே பார்த்தார், ஏனென்றால் நாளைக்கு அந்த வார்த்தை அவருக்கும் வேண்டியிருக்கும்.

ஒரே பேச்சு தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். தொட்டில் மூலையின் மரப்பலகையில் வைத்த கை.

“தெரியாது மேடம்,” என்றார். “வயரைப் பாக்காம வாங்காதீங்க. என்கிட்டயும் வாங்காதீங்க, இவன்கிட்டயும் வாங்காதீங்க.”

“அடப்பாவி!” என்று பல்லு தலையில் கைவைத்தார். “உன் வியாபாரம் போனா போகட்டும், என் வியாபாரத்தை எதுக்கய்யா கெடுக்கற?”

வார்டனம்மா தெர்மாமீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். “சரி. முதல்ல எங்க வயரைப் பாக்கச் சொல்றேன். அதுக்கப்புறம் வர்றேன்.” யார் கடைக்கு வருவார் என்று சொல்லவில்லை. இரண்டு வியாபாரிகளும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று இரவு மகளும் குழந்தையும் மாப்பிள்ளையும் மாமனாருடைய தங்கை வீட்டுக்குப் போனார்கள். மனைவி படுத்த பிறகும் அவர் இருட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

காலையில் மாப்பிள்ளை திரும்பி வந்தார், வயர்மேனும் வந்தான். அதே வயர்மேன்தான், காதோரம் நரைத்திருந்தது, வேறு மாற்றம் இல்லை. வயரை எடுக்க வேண்டுமென்றால் பலகையை இறக்கியே ஆக வேண்டும் என்றான். பல்லு தன் ஏணியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். ஆக, சொன்ன சொல்லுக்காகக் கழற்றினாரா, வயருக்காகக் கழற்றினாரா என்று தெருவில் இரண்டு கட்சி ஆனது. ஆனால் கழற்றியது அவர் கைதான். ஏணியில் ஏறி ஒவ்வொரு திருகாணியாக அவரே எடுத்தார்.

பலகை இருந்த இடத்திலிருந்து மேல்நோக்கிச் சுவரைக் கொத்தினார்கள். மேலே, தொட்டில் இருந்த மட்டத்தில், இரண்டு துண்டு வயரை முறுக்கிச் சேர்த்த ஒட்டு ஒன்று கரிக்கட்டையாக இருந்தது. அதை ஒட்டிய மாடி அறை மரப்பலகையின் உட்புறமும் கறுத்திருந்தது. மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒட்டு போட்டு வெச்சிருக்கியேடா,” என்றார் ஒரே பேச்சு, கரியைத் தொட்டுக்கொண்டே.

“நீங்க குடுத்த விலைக்கு முழு வயர் எங்கண்ணே வரும்? கையில இருந்த துண்டையெல்லாம் சேத்துத்தான் போட்டேன்,” என்றான் வயர்மேன். அவனும் அந்தக் கரியைப் பார்த்தபடியேதான் சொன்னான். “போட்டிருக்கக் கூடாது. உங்களைத் திட்டிட்டு இறங்கிப் போயிருக்கணும்.”

பிறகு அளந்தான், வாய்க்குள் கூட்டினான். தடித்த வயர், ஒட்டே இல்லாமல், கம்பத்திலிருந்து ப்ளக் வரைக்கும். ஒரு விலை சொன்னான். சொல்லிவிட்டுப் பழைய நினைவில் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

தெரு காதைத் தீட்டிக்கொண்டது. பல்லு ஏணியைப் பிடித்தபடி நின்றார். ஒரே பேச்சு வாயைத் திறந்தார். மூடினார். வலது கை மேசையைத் தேடியது. தட்டுவதற்கு அங்கே மேசை இல்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

“சரி,” என்றார்.

“என்ன சரி?” என்றான் வயர்மேன்.

“சொன்ன விலைக்குப் போடு.”

மனைவி பதறிப்போய் அருகே வந்து, புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். “ராத்திரி தூங்கவும் இல்ல,” என்று மாப்பிள்ளையிடம் கவலையாகச் சொன்னாள்.

வயர்மேன் இன்னும் நம்பாமல் ஏணியில் ஏறினான். பாதி ஏறியிருப்பான்.

“தம்பி,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “வயர் முழு விலை. அதுல பேச்சே இல்ல. அந்த ஸ்விட்ச் பெட்டி ஒண்ணு மட்டும் சும்மா போட்டுக் குடுத்துடேன்.”

மனைவி நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

“ஒண்ணும் இல்ல,” என்றாள். “நல்லாத்தான் இருக்காரு.”